இரகசிய வருகை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஆண்டவருடைய வருகை, சபை எடுத்துக்கொள்ளப்படுதல் (விசுவாசிகள் கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக ஆகாயத்தில் எடுக்கப்படுவது), உபத்திரவ காலம், 666 என்ற மிருகத்தின் முத்திரை. எல்லாவற்றையும் அச்சிட இடம் இல்லாததால் ஒத்த கேள்விகளைச் சேர்த்து, பெயர்களை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

*ஐயா, ஸ்தோத்திரம். 2025 செப்டம்பர் 23, 24 தேதிகளில் சபை எடுத்துக்கொள்ளப்படும் என்று தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த ஒருவர் சொன்ன வீடியோ எங்கள் வாட்ஸ்அப் குரூப்புகளில் எல்லாம் சுற்றியது. கல்லூரியில் படிக்கும் என் மகள் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. தேதி தாண்டிவிட்டது. இப்போது அவளுக்கு வேதத்தின் மேலேயே சந்தேகம். நான் என்ன சொல்வது? (ஒரு தாய், நாசரேத்)*

அம்மா, பொய்த்துப் போனது ஒரு மனிதர் சொன்ன தேதி என்பதை முதலில் மகளுக்குச் சொல்லுங்கள். வேதம் எந்தத் தேதியையும் தரவில்லை. "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்று மத்தேயு 24:36-ல் ஆண்டவரே சொல்லிவிட்டார். பரமேறிப் போவதற்கு முன் சீஷர்கள் காலத்தைப் பற்றிக் கேட்டபோதும், அதை அறிவது உங்களுக்கு அடுத்ததல்ல என்றுதான் பதில் சொன்னார். இதற்குப் பிறகும் ஒருவர் தரிசனம் கண்டேன், எனக்கு மட்டும் தெரியும் என்றால், அவர் எவ்வளவு உண்மையானவராக இருந்தாலும், எவ்வளவு கண்ணீரோடு பேசினாலும், நாம் நம்பக் கடமைப்பட்டவர்கள் இல்லை.

இது முதல் முறையும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பாப்டிஸ்ட் விவசாயி தானியேல் 8:14-ல் வரும் 2300 நாட்களை வருஷங்களாகக் கணக்குப் போட்டார். அவருடைய கூட்டத்தார் கடைசியில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். அந்த ஆண்டு வயலில் அறுவடை செய்யாமல் விட்டவர்கள்கூட இருந்தார்கள். விடிந்தபோது அவர்கள் அழுத அழுகையைச் சபைச் சரித்திரம் 'பெரும் ஏமாற்றம்' என்ற பெயரிலேயே வைத்திருக்கிறது.

நம் பக்கத்திலும் நடந்தது. 1860-ல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பனின் ஊழியத்தில் ஒரு பெரிய எழுப்புதல், அதாவது பக்தி எழுச்சி, உண்டானது. அதன் அலை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் திருவிதாங்கூருக்கும் போனது. அங்கே, தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகி ஆங்கிலிக்கன் குருவாக இருந்த யுஸ்துஸ் ஜோசப், ஆறு வருஷத்தில், அதாவது 1881-ல், கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். அருமையான பாடல்களை எழுதியவர், படித்தவர், பக்தியுள்ளவர். அவரை நம்பி சபையை விட்டு வந்தவர்களும் ஏராளம். 1881 வந்தது, போனது. பலர் பழைய சபைக்கே திரும்பினார்கள், சிலர் ஒரு சிறு கூட்டமாகத் தனியே தொடர்ந்தார்கள். அவருடைய பக்தியில் எனக்குச் சந்தேகமே இல்லை. உண்மையான பக்தியுள்ளவரும் இந்த விஷயத்தில் தவறலாம் என்பதை உங்கள் மகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

அப்புறம் 1988, எட்கர் விசனண்ட் என்ற முன்னாள் நாசா பொறியாளர், சபை எடுக்கப்படுவது அந்த ஆண்டே என்று 88 காரணங்களை அடுக்கி எழுதிய சிறு புத்தகம் லட்சக்கணக்கில் பரவிய ஆண்டு. 1992 அக்டோபர் 28, தென்கொரியா: லீ ஜாங் ரிம் என்ற போதகரின் டாமி மிஷன் கூட்டத்தார் வேலையை விட்டு, சொத்தை விற்று, நள்ளிரவுவரை காத்திருந்தார்கள். அதற்கு முந்தைய மாதமே அவர் மோசடி வழக்கில் கைதாகியிருந்தார், அவர் வாங்கி வைத்திருந்த கடன் பத்திரங்கள் முதிர்ச்சி அடையும் ஆண்டு 1993. ஃபேமிலி ரேடியோ என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ வானொலியின் ஹெரால்ட் கேம்பிங் முதலில் 1994 என்றார், பிறகு 2011 மே 21 என்றார், அது தவறியதும் அக்டோபர் 21 என்றார். தேதி குறித்தது பாவம் என்று 2012 மார்ச்சில் வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டது அவர் செய்த நல்ல காரியம். ஆனால் அவர் பேச்சைக் கேட்டுச் சேமிப்பை எல்லாம் விளம்பரப் பலகைகளுக்குக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பணம் திரும்பவில்லை.

மகளோடு உட்கார்ந்து 1 தெசலோனிக்கேயர் 4-ஆம் அதிகாரத்தை 13-ஆம் வசனத்திலிருந்து மெதுவாக வாசியுங்கள். பவுல் அதை யாருக்கு எழுதுகிறார் என்று பாருங்கள். அந்தச் சபையில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். கர்த்தர் வரும்போது எங்கள் அப்பாவும் அம்மாவும் பிள்ளையும் இல்லாமல் போவார்களே என்று துக்கப்பட்டவர்களுக்கு எழுதிய வரிகள் அவை. மரித்தவர்கள்தான் முதலில் எழுந்திருப்பார்கள், பிறகு உயிரோடிருக்கிற நாம் அவர்களோடேகூட எடுத்துக்கொள்ளப்படுவோம், ஆகையால் இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். துக்க வீட்டுக்கு எழுதிய ஆறுதல் கடிதத்தைக் காட்டி ஒரு பிள்ளையைச் சாப்பிட முடியாத அளவுக்குப் பயமுறுத்துவது, செய்கிறவர் யாராக இருந்தாலும், வேதத்துக்குச் செய்யும் அநியாயம். இத்தனை நாளாகியும் தூக்கம் வரவில்லை என்றால் ஒரு நல்ல மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள், அது விசுவாசக் குறைவு ஆகாது.

*இரகசிய வருகை என்ற போதனையே 200 வருஷத்துக்குள் வந்தது, ஆதிச்சபைக்கு அது தெரியாது என்று ஒரு சகோதரர் சொல்கிறார். எங்கள் சபையிலோ அதுவே அஸ்திபார உபதேசம். எது சரி? (வாசகர், மதுரை)*

கிறிஸ்து திரும்ப வருவார், மரித்தோர் எழுந்திருப்பார்கள், நியாயத்தீர்ப்பு உண்டு: இது ஆதிமுதல் எல்லாச் சபைகளும் அறிக்கை செய்வது. நிசேயா விசுவாசப்பிரமாணத்தில் நாம் ஞாயிறுதோறும் சொல்வதும் இதுதான். இதைப் பற்றிச் சண்டை இல்லை. சண்டை எங்கே என்றால், வருகை இரண்டு கட்டமாக நடக்குமா என்பதில். முதலில் உலகத்துக்குத் தெரியாமல் வந்து சபையை எடுத்துக்கொண்டு போவார், பிறகு ஏழு வருஷ உபத்திரவம், அந்திக்கிறிஸ்துவின் (கடைசி நாட்களில் கிறிஸ்துவுக்கு விரோதமாக எழும்புகிறவனின்) ஆட்சி, அதன்பின் பகிரங்க வருகை, ஆயிர வருஷ அரசாட்சி. இந்த வரிசையை நீங்கள் கன்வென்ஷன் பந்தல்களில் பெரிய படம் போட்டு விளக்கக் கேட்டிருப்பீர்கள்.

இப்படி முழு ஒழுங்காக இதைக் கட்டிக் கொடுத்தவர் ஜான் நெல்சன் டார்பி. அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்து, பிறகு பிரதரன் சபைகளின் முக்கிய போதகரானவர். 1830களின் தொடக்கத்தில் அயர்லாந்தில் பவர்ஸ்கோர்ட் சீமாட்டியின் ஆதரவில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இந்தக் கருத்துகள் சூடாக விவாதிக்கப்பட்டன. தானியேல் 9-ல் எழுபது வாரங்கள் உண்டு அல்லவா? அதில் அறுபத்தொன்பது மேசியாவோடு முடிந்தது, கடைசி ஒரு வாரம், அதாவது ஏழு வருஷம், இன்னும் நிறைவேறாமல் நிற்கிறது, நடுவில் இருப்பது சபையின் காலம், இஸ்ரவேலுக்கான கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கும் முன் சபை எடுக்கப்பட்டுவிடும் என்பது அவர் வாதத்தின் முதுகெலும்பு. இஸ்ரவேலும் சபையும் வேறு வேறு என்ற அந்தப் பிரிவை ஒருவர் ஏற்றுக்கொண்டால் மீதி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்திவிடும். ஏற்காவிட்டால் பொருந்தாது. ஆகவே வசனத்துக்கு வசனம் மோதிக்கொள்வதற்கு முன் இந்த ஒரு கேள்வியைப் பேசித் தீர்ப்பது நல்லது.

நம் வாசகர்கள் பலருக்குப் புதிதாக இருக்கக்கூடிய ஒன்று: டார்பியின் சொந்தக் கூட்டத்திலேயே இதை ஏற்காதவர்கள் இருந்தார்கள். பிளிமத்தில் பெஞ்சமின் நியூட்டன், வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளை ஆராய்ந்த பெரிய அறிஞர் டிரெகெலஸ், இவர்கள் சபை உபத்திரவத்தின் வழியாகவே போகும் என்று உறுதியாகப் போதித்தார்கள். 1848-ல் பிரதரன் சபைகள் உடைந்ததற்கு வேறு உபதேசக் காரணங்களும் உண்டு, ஆனால் டார்பிக்கும் நியூட்டனுக்கும் இடையில் இந்தக் கருத்து வேறுபாடு முன்பே கசந்து போயிருந்தது. 1833-ல் பாக்தாத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் அந்த இயக்கத்தின் மூத்தவர்களில் ஒருவர், நம் அருளப்பனோடு சேர்ந்து உழைத்தவர். ஒத்த கருத்து இல்லாதவர்களை ஐக்கியத்திலிருந்து தள்ளும் போக்கு உள்ளே வருகிறதே என்று வருத்தப்பட்டு அவர் 1836-லேயே டார்பிக்குக் கடிதம் எழுதினார். இதை நம் ஊர் விசுவாசிகள் அறிந்திருக்க வேண்டும். இந்தப் போதனை எந்த வீட்டில் பிறந்ததோ அந்த வீட்டின் பெரியவரே, கருத்து வேறுபாட்டுக்காகச் சகோதரரைத் தள்ளாதே என்று அன்றைக்கே எச்சரித்திருக்கிறார்.

பிறகு வக்கீலாக இருந்து போதகரான ஸ்கோஃபீல்ட், 1909-ல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக வெளியிட்ட குறிப்பு வேதாகமம் இதை உலகமெங்கும் கொண்டுபோனது. வசனமும் விளக்கக் குறிப்பும் ஒரே பக்கத்தில் இருந்ததால், காலப்போக்கில் குறிப்பு எது, வசனம் எது என்ற வித்தியாசம் வாசிக்கிறவர் மனதில் மங்கிவிட்டது. அதே காலத்தில் எழும்பிய பெந்தெகொஸ்தே இயக்கமும் இதை ஏற்றுக்கொண்டது.

இதை எழுதிய கையோடு மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 200 வருஷம் என்பதாலேயே ஒன்று தவறாகிவிடாது. 1830-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பெண் கண்ட தரிசனத்திலிருந்து டார்பி இதைத் திருடினார் என்று சிலர் எழுதுவதற்குச் சரியான ஆதாரம் இல்லை, தயவுசெய்து அதைப் பரப்பாதீர்கள். உபத்திரவத்துக்கு முன் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்பவர்களுக்கும் வேதத்தில் நிற்க இடம் உண்டு. சோதனைகாலத்துக்குத் தப்பும்படி உன்னைக் காப்பேன் என்று பிலதெல்பியா சபைக்குச் சொன்ன வாக்குத்தத்தம், வெளிப்படுத்தல் 3:10, அவர்களுடைய பலமான வசனம். தேவன் நம்மைக் கோபாக்கினைக்கென்று நியமிக்கவில்லை என்ற 1 தெச. 5:9 இன்னொன்று.

என் நிலை என்ன என்று கேட்பீர்கள். சபை உபத்திரவத்தின் வழியாகப் போகும் என்றே நான் நம்புகிறேன். நீர் அவர்களை உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்படி நான் வேண்டிக்கொள்ளவில்லை, தீமையினின்று காக்கும்படி வேண்டிக்கொள்கிறேன் என்று யோவான் 17:15-ல் ஆண்டவரே ஜெபித்திருக்கிறார். ஆரவாரம், பிரதான தூதனுடைய சத்தம், தேவ எக்காளம் என்று பவுல் அடுக்கியதை வைத்து அதை இரகசியமாக நடக்கும் என்று சொல்ல எனக்கு வரவில்லை. ஆகாயத்தில் எதிர்கொண்டு போவதையும், ஊருக்கு வரும் ராஜாவை ஜனங்கள் எல்லைக்குப் போய் வரவேற்று அழைத்து வருவதுபோலத்தான் நான் வாசிக்கிறேன். ரோமில் இருந்த சகோதரர்கள் பவுலை அப்படித்தானே அப்பியுபுரம்வரைக்கும் எதிர்கொண்டு வந்து அழைத்துப் போனார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. கிறிஸ்தவர்களுக்குப் பெரிய உபத்திரவம் வராது, அதற்கு முன் போய்விடுவோம் என்று மட்டும் கேட்டு வளர்ந்த ஒருவர் உண்மையான உபத்திரவம் வரும்போது என்ன செய்வார்? சீனாவில் வாட்ச்மேன் நீ என்ற போதகர் 1952-ல் கைதாகி, 1972-ல் காவலிலேயே இறந்தார். விழிப்பாயிருக்கிறவர்களே முதலில் எடுக்கப்படுவார்கள் என்று போதித்தவர் அவர். இருபது வருஷம் அவர் எடுக்கப்படவில்லை, ஆனால் விசுவாசத்தை விடவும் இல்லை.

*நான் சி.எஸ்.ஐ., என் மனைவி பெந்தெகொஸ்தே குடும்பம். உங்கள் சபையிலும் கத்தோலிக்கரிலும் ஒருவர்கூட எடுக்கப்பட மாட்டார்கள், நீங்கள் எல்லாரும் கைவிடப்படுவீர்கள் என்று மாமனார் சாப்பாட்டு நேரத்தில்கூடச் சொல்கிறார். (வாசகர், ஈரோடு)*

தம்பி, மாமனாருக்கு உங்கள் மேல் உள்ள அக்கறையே இப்படிக் கடுமையாக வெளிவருகிறது என்று எடுத்துக்கொள்ளப் பாருங்கள். ஆனால் அவர் சொல்வது சரியில்லை. டார்பியும் சரி, ஸ்கோஃபீல்டும் சரி, கிறிஸ்துவை விசுவாசிக்கிற எல்லாரும் எடுக்கப்படுவார்கள் என்றுதான் போதித்தார்கள், இன்ன சபைப் பெயர்ப் பலகை உள்ளவர்கள் என்று சொல்லவில்லை. 1 தெச. 4-லும் 'கிறிஸ்துவுக்குள்' என்ற நிபந்தனை மட்டுமே உண்டு.

கத்தோலிக்கருக்கு வருகையில் நம்பிக்கை இல்லை என்பதும் தவறான செய்தி. கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு முன் திருச்சபை ஒரு கடைசிச் சோதனையைக் கடந்தாக வேண்டும், அது பலருடைய விசுவாசத்தை அசைக்கும் என்று அவர்களுடைய மறைக்கல்வி நூல் 675-ஆம் பத்தியில் தெளிவாகவே சொல்கிறது. ஆயிர வருஷம் என்பதை அவர்கள் அகுஸ்தீனைப் பின்பற்றி இந்தச் சபைக் காலத்தைக் குறிப்பதாக வாசிக்கிறார்கள். லுத்தரன் சபைகளும், உங்கள் சி.எஸ்.ஐ.-யில் பலரும் அப்படியே.

இதில் நம் பக்கக் குறையும் இருக்கிறது. பாரம்பரியச் சபைகளில் அட்வென்ட் நாட்களில்கூட வருகையைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அரிதாகிவிட்டது. கிறிஸ்துமஸ் மரமும் கீதப் பவனியும் அந்த நாலு வாரத்தையும் எடுத்துக்கொள்கின்றன. ஐயர் (சபைப் போதகர்) பேசாத விஷயத்தை யூடியூபில் யாரோ பேசுகிறார், நம் பிள்ளைகள் அங்கே போய்க் கேட்கிறார்கள். உங்கள் ஐயரிடம் போய் வெளிப்படுத்தின விசேஷத்தை வேத பாட வகுப்பில் நடத்தச் சொல்லிக் கேளுங்கள், மாமனாரையும் ஒருநாள் கூட்டிப் போங்கள்.

*"இரண்டுபேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்." இது இரகசிய வருகைதானே? (வாசகி, தூத்துக்குடி)*

அப்படி வாசிப்பவர்கள் அநேகர். ஆனால் அதற்கு முந்தைய வசனங்களில் ஆண்டவர் நோவாவின் காலத்தைச் சொல்கிறார். அங்கே ஜலப்பிரளயம் வந்து வாரிக்கொண்டு போனது துன்மார்க்கரை, பூமியில் மீந்திருந்தது நோவாவின் குடும்பம். அந்த உவமானத்தோடு சேர்த்து வாசித்தால் எடுத்துக்கொள்ளப்படுகிறவர் யார், விடப்படுகிறவர் யார் என்பதே தலைகீழாகலாம். இரகசிய வருகையை நம்புகிற நல்ல போதகர்களிலேயே பலர் இந்த வசனத்தை அதற்கு ஆதாரமாகக் காட்டுவதில்லை.

*ஆதார், கோவிட் தடுப்பூசி, கியூ.ஆர். கோடு, எல்லாம் 666 முத்திரைக்கு முன்னோட்டம் என்கிறார்களே? (வாசகர், நாகர்கோவில்)*

பார்கோடு வந்தபோதும் இதையேதான் சொன்னார்கள். வெளிப்படுத்தல் 13-ஐயும் 14-ஐயும் சேர்த்து வாசியுங்கள். முத்திரை எங்கே வருகிறதோ அங்கே மிருகத்தை வணங்குவதும் கூடவே வருகிறது. தெரியாமல் ஊசியிலோ அட்டையிலோ ஏறிவிடுகிற விஷயமாக யோவான் அதை எழுதவே இல்லை, யாரை வணங்குகிறாய் என்பதே அங்கே கேள்வி. 14-ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே ஆட்டுக்குட்டியானவரின் கூட்டத்தாருக்கும் நெற்றியில் பிதாவின் நாமம் எழுதப்பட்டிருக்கிறது. ரோமப் பேரரசன் நீரோ இராயனின் பெயரை எபிரெய எழுத்தில் எழுதிக் கூட்டினால் 666 வரும் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டிலேயே ஐரேனியு என்ற ஆதிச்சபைப் போதகர், இந்த எண்ணுக்குப் பல பெயர்கள் பொருந்தும், அவசரப்பட்டு இன்னார் என்று சொல்லாதீர்கள் என்று எழுதிவைத்தார். தடுப்பூசிக்குப் பயந்து வயதானவர்களை ஊசி போடவிடாமல் தடுத்தவர்கள் இதை ஒருமுறை யோசித்திருக்கலாம்.

*இஸ்ரேலில் யுத்தம் வரும்போதெல்லாம் "அத்திமரம் துளிர்த்துவிட்டது" என்று பிரசங்கம். நம்பலாமா? (வாசகர், சென்னை)*

அத்திமரம் துளிர்க்கும்போது வசந்தகாலம் சமீபம் என்று அறிவதுபோல இவைகளைக் காணும்போது அறியுங்கள் என்று மத்தேயு 24-ல் ஆண்டவர் ஒரு உவமை சொன்னார். 1948-ல் இஸ்ரேல் தேசம் உருவானதை அந்த அத்திமரம் துளிர்த்ததாக எடுத்துக்கொண்டு, 'இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது' என்பதற்கு 40 வருஷம் என்று கணக்குப் போட்டதால்தான் பலருக்கு 1988 கிடைத்தது. 1988 தாண்டியதும் சந்ததி 70 வருஷம் என்றார்கள், 80 என்றார்கள். இப்படி நீட்டிக்கொண்டே போவதை வேத வியாக்கியானம் என்று சொல்ல முடியாது. லூக்கா 21:29-ல் ஆண்டவர் 'அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்' என்று சொல்வதையும் கவனியுங்கள்.

என்னை வருத்துவது வேறு. குண்டு விழுந்து குழந்தைகள் சாகும் செய்தியைக் கேட்டு, வருகை நெருங்கிவிட்டது என்று நம் மேடைகளில் அல்லேலூயா சொல்கிறோம். அந்த நிலத்தில் யூதரும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள், பெத்லகேமிலும் காசாவிலும் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். யுத்தங்களையும் யுத்தச் செய்திகளையும் கேள்விப்படும்போது கலங்காதேயுங்கள் என்றார் ஆண்டவர். மகிழுங்கள் என்று சொல்லவில்லை.

*எனக்கு வயது 24. பி.எட். சேர இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் போதகர், இனி நாள் இல்லை, படிப்பை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வா, அப்பா விட்டுப்போன நிலத்தை விற்று ஊழியத்துக்குக் கொடு, அந்திக்கிறிஸ்துவின் நாட்களில் அதனால் பயன் என்ன என்கிறார். அம்மா அழுகிறார்கள். கீழ்ப்படியாவிட்டால் கைவிடப்படுவேனோ என்று பயமாக இருக்கிறது. (ஊர் வேண்டாம்)*

தம்பி, நிலத்தை விற்காதே. படிப்பில் சேர். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுகிறேன்.

தெசலோனிக்கே சபையிலும் கர்த்தருடைய நாள் வந்தாயிற்று என்று ஒரு பேச்சு கிளம்பியது. பவுலிடமிருந்து வந்ததுபோல ஒரு கடிதத்தைக்கூடக் காட்டினார்கள் என்பது 2 தெச. 2:2-லிருந்து தெரிகிறது. சிலர் வேலையை விட்டுவிட்டுத் திரிந்தார்கள். பவுல் அவர்களை முழுநேர ஊழியத்துக்கு வரச் சொன்னாரா? அமைதலோடே வேலைசெய்து உங்கள் சொந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள், வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் வேண்டாம் என்று எழுதினார். வருகையைக் குறித்து அவ்வளவு ஆவலாக இருந்த பவுலே கூடாரம் தைத்துக்கொண்டிருந்தார்.

ஊழிய அழைப்பு உனக்கு உண்மையாகவே இருக்கலாம். அது இருந்தால் பி.எட். முடித்த பிறகும் இருக்கும், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஊழியம் செய்தவர்களால்தான் தென் தமிழ்நாட்டில் பாதிச் சபைகள் எழும்பின. ஆனால் அழைப்பு என்று சொல்லி ஒருவர் உன் அம்மாவின் வாழ்வாதாரமான நிலத்தைக் கேட்டால், அதுவும் பயத்தைக் காட்டிக் கேட்டால், அதற்கு மறுப்புச் சொல்வது கீழ்ப்படியாமை ஆகாது. கைவிடப்படுவோமோ என்ற பயத்தில் தரும் காணிக்கையை உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் பிரியமாயிருக்கிற தேவன் கேட்கவில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நிலப் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்று இன்றைக்கே பார், அம்மாவிடம் கொடுத்து வை. எந்தத் தாளிலும், வெற்றுத்தாளானாலும், கையெழுத்துப் போடாதே. தாய்மாமாவோ சித்தப்பாவோ வீட்டில் மூத்தவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு போதகரிடம் மரியாதையாகப் பேசு, தனியாகப் போகாதே. அவருடைய சபைக்கு மேலே ஒரு மூப்பர் குழுவோ தலைமையோ இருந்தால் அவர்களுக்கும் எழுத்தில் தெரிவி. அவர் கோபப்பட்டு உன்னைச் சபையை விட்டு விலக்கினால் வேறு சபையில் ஆராதி. கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசித் தேதி எப்போது என்று உன் கடிதத்தில் இல்லை, அதை மட்டும் தவறவிடாதே.